இறந்துபோன இளவரசன் மாஸ்கோவில் முடிசூடியது எப்படி? போலி திமித்ரி குறித்து ஓர் ஐயம்

வடகாற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரஷ்ய வரலாற்றில் 'குழப்பக் காலம்' எனப்படும் 1598 முதல் 1613 வரையிலான ஆண்டுகளைச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். அதில் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டேன். எத்தனை முறை திரும்பப் படித்தாலும் அந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.

ரஷ்யாவின் ஜார், அதாவது பேரரசர், நான்காம் இவானின் கடைசி மகன் திமித்ரி, 1591 மே 15 அன்று, வோல்கா ஆற்றங்கரையிலுள்ள உக்லிச் நகரின் அரண்மனை முற்றத்தில், பட்டப்பகலில் கழுத்தில் கத்தி பாய்ந்து இறந்துபோகிறான். அப்போது அவனுக்கு எட்டு வயது. தாய் மரியா நகாயா அலறிக்கொண்டு ஓடிவருகிறார்; அபாய மணி ஒலிக்கிறது; ஊரே திரண்டுவிடுகிறது. சில நாட்களில் மாஸ்கோவிலிருந்து விசாரணைக் குழு வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் பெறுகிறது. உடலை அந்த ஊரிலேயே அடக்கம் செய்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு சாவு நிகழ முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் 1604 அக்டோபரில், "நான்தான் திமித்ரி, அன்று இறந்தது வேறொரு சிறுவன்" என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் போலந்து-லித்துவேனிய எல்லையைத் தாண்டிச் சில ஆயிரம் பேருடன் நுழைகிறான். 1605 ஜூன் 20 அன்று மாஸ்கோ அவனை மணியோசையுடன் வரவேற்கிறது. ஜூலை 21 அன்று அவன் ஜார் ஆக முடிசூடுகிறான். மகனைப் பறிகொடுத்த தாயே அவனை மகன் என்று ஏற்கிறார்.

இதைப் பற்றிப் பேசியபோது நண்பர் ஒருவர், "அந்தக் காலத்து மக்கள் எதையும் நம்பக்கூடியவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த விளக்கத்தை என் மனம் ஏற்கவில்லை. பாமர மக்களை விட்டுவிடுவோம். நேரில் விசாரித்த பிரபுக்கள் எப்படி ஏற்றார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏட்டுக்கட்டு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். "எப்படி நம்பினார்கள்" என்று கேட்பதைவிட, "நம்புவதற்கு அவர்களுக்கு என்ன தேவை இருந்தது" என்று கேட்டால் வழி திறக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு 1605-ஐ விட்டு, சில ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1598 ஜனவரியில் நான்காம் இவானின் இன்னொரு மகனான ஜார் ஃபியோதோர் வாரிசின்றி இறந்தபோது, ரூரிக்கின் வழிவந்தவர்களாகக் கருதப்பட்ட மாஸ்கோ அரசகுடி முடிந்துபோயிற்று. அரசன் என்பவன் இறைவனால் அளிக்கப்படுபவன், பிறப்பால் வருபவன் என்றே மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அத்தகைய நாட்டில் முதன்முறையாக ஸெம்ஸ்கி சோபோர் என்னும் நாட்டுப் பேரவை கூடி, ஃபியோதோரின் மனைவி இரினாவின் அண்ணன் போரிஸ் கோதுனோவை ஜார் ஆகத் தேர்ந்தெடுத்தது. கோதுனோவ் திறமையற்றவர் அல்லர். ஃபியோதோரின் காலத்திலேயே ஆட்சியை உண்மையில் நடத்தியவர் அவர்தான். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசன் ஒருவனுக்குக் கெட்ட காலம் வந்தால், 'இவன் இறைவன் தந்தவன் அல்லன், அதனால்தான் இந்தத் துன்பம்' என்று சொல்ல எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

அந்தக் கெட்ட காலம் 1601-இல் வந்தது. கோடை முழுவதும் விடாத மழை. கதிர் முற்றுமுன்பே உறைபனி. மறு ஆண்டும் விளைச்சல் இல்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1600 பிப்ரவரியில் வெடித்த உவாய்னாபுதினா எரிமலையின் சாம்பலும் கந்தகமும் வானத்தை மறைத்ததே இந்தக் குளிருக்குக் காரணம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உலகின் மறுகோடியில் வெடித்த மலைக்கும் மாஸ்கோவில் பிணக்குவியலுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்? மாஸ்கோவில் மட்டும் பொதுக்குழிகளில் 1,27,000 பேர் புதைக்கப்பட்டதாக அக்காலத்துத் துறவி அவ்ராமி பலீத்சின் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையை அப்படியே ஏற்காவிட்டாலும், அவர் கண்ட அழிவின் அளவு அதிலிருந்து விளங்குகிறது. 1601 முதல் 1603 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில் கோதுனோவ் அரசுக் களஞ்சியங்களைத் திறந்தார், பணம் வழங்கினார். மாஸ்கோவில் பணம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் நடந்தே வந்து அந்நகரின் தெருக்களிலேயே விழுந்து மடிந்தார்கள். நல்லெண்ணத்தோடு அவர் செய்த உதவியே தலைநகரின் சாவைப் பெருக்கியது என்பது கோதுனோவைப் பற்றிப் படிக்கும்தோறும் என்னை வருத்தும் செய்தி.

இதனோடு உழவர்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில், நவம்பர் 26-ஆம் நாளான புனித யூரியின் திருநாளுக்கு முந்திய ஒரு வாரத்திலும் பிந்திய ஒரு வாரத்திலும், கடனை அடைத்துவிட்டு ஒரு நிலவுடைமையாளரிடமிருந்து இன்னொருவரிடம் போய்ச்சேரும் உரிமை உழவனுக்கு முன்பு இருந்தது. 1497-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலேயே அது எழுதப்பட்டிருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அந்த உரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1597-இல் வந்த ஆணை, ஓடிப்போன உழவனை ஐந்தாண்டுகள் வரை தேடிப்பிடித்துப் பழைய உடைமையாளரிடமே ஒப்படைக்கலாம் என்றது. 1601, 1602 ஆண்டுகளில் கோதுனோவ் இந்த உரிமையைப் பகுதியளவில் திருப்பித்தந்து, மறுபடியும் நிறுத்திவிட்டார். பசியோடு இருந்தவனுக்கு இது எப்படிப்பட்ட ஏமாற்றம் என்பதை எண்ணிப்பாருங்கள். தப்பி ஓடியவர்கள் தெற்கே புதிவில், செர்னிகோவ் போன்ற எல்லைப் பகுதிகளில் குவிந்தார்கள். அந்த இளைஞனுக்கு முதலில் கதவைத் திறந்தவை இந்த ஊர்களே.

கோதுனோவுக்கு எதிராக எழ விரும்பிய உழவனிடமும், தெற்கு எல்லைப் புல்வெளிகளில் வாழ்ந்த கொசாக் என்னும் போர்வீரனிடமும், அரசனே வேண்டாம் என்று சொல்வதற்கான சொல் இல்லை. அப்படியொரு எண்ணமே அவர்கள் உலகில் இல்லை. 'இவன் உண்மையான அரசன் அல்லன், உண்மையானவன் வந்துகொண்டிருக்கிறான்' என்பது மட்டுமே அவர்கள் சொல்லக்கூடியதாக இருந்தது. எனவே திமித்ரியின் பெயர் அவர்களுக்கு எதிர்ப்பின் மொழியாயிற்று. தங்கள் கோரிக்கைக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்ததால், அந்த முகம் உக்லிச் சிறுவனின் முகம்தானா என்று ஆராயும் அவசியம் அவர்களுக்கு எழவில்லை.


மணிக்கூண்டு எழுதியது:

மேலே உள்ள பதில் மக்களைப் பற்றிய கேள்வியை நன்றாகவே விளக்கிவிட்டது. பிரபுக்களைப் பற்றி நான் எழுதுகிறேன். இங்கே ஒரே ஒரு மனிதரைப் பின்தொடர்ந்தால் போதும்: இளவரசர் வசீலி ஷூயிஸ்கி.

1591-இல் உக்லிச்சுக்கு வந்த விசாரணைக் குழுவின் தலைவர் இவரே. சிறுவன் கத்தியை மண்ணில் குத்தி விளையாடிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, தன் கையிலிருந்த கத்தியின் மீதே விழுந்தான் என்பது குழுவின் முடிவு. அந்த விசாரணை ஏடு அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1605-இல் கோதுனோவ் இறந்து, புதியவன் மாஸ்கோவை நெருங்கியபோது, பிரபுக்களோடு சேர்ந்து ஷூயிஸ்கியும் அவனை உண்மையான திமித்ரி என ஏற்றார். சில நாட்களிலேயே அவன் போலி என்று இரகசியமாகப் பரப்பியதற்காகப் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கொலைமேடை வரை கொண்டுசெல்லப்பட்டார். கடைசி நொடியில் அந்தப் புதிய ஜார்தான் அவருக்கு உயிர்ப்பிச்சை அளித்தான். 1606-இல் அதே ஷூயிஸ்கி சதிக்குத் தலைமையேற்று அவனைக் கொன்று, தானே ஜார் ஆனார். பிறகு, 'உண்மையான திமித்ரியை 1591-இல் கோதுனோவின் ஆட்களே கொன்றார்கள்' என்று அறிவித்துச் சிறுவனின் உடல் எச்சங்களை உக்லிச்சிலிருந்து மாஸ்கோவுக்கு எடுத்துவரச் செய்தார். திருச்சபை அந்தச் சிறுவனைப் புனிதராக அறிவித்தது.

விபத்து, தப்பிப்பிழைத்தான், கொலை: ஒரே சாவைப் பற்றி, அதைக் கண்ணெதிரே விசாரித்த ஒரே மனிதரின் வாயிலிருந்து மூன்று சாட்சியங்கள். பிரபுக்கள் ஏமாறவில்லை என்பதே என் துணிபு. கோதுனோவை வீழ்த்த அவர்களுக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ரொமானோவ் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1600-இல் கோதுனோவ் அந்தக் குடும்பத்தைச் சிதறடித்து, மூத்தவரான ஃபியோதோர் ரொமானோவை வலுக்கட்டாயமாகத் துறவியாக்கி, ஃபிலாரெத் என்று பெயர் மாற்றி வடக்கே அனுப்பினார். புதிய ஜார் வந்ததும் அதே ஃபிலாரெத் ரோஸ்தோவ் நகரின் பேராயராக உயர்த்தப்பட்டார். இத்தகைய குறைகளோடு காத்திருந்த குடும்பங்கள் மாஸ்கோவில் பல.

போர்க்களத்திலும் இதுவே நடந்தது. 1605 ஜனவரியில் தொப்ரினிச்சியில் அந்த இளைஞன் படுதோல்வி அடைந்து புதிவிலுக்குப் பின்வாங்கினான். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏப்ரல் 13 அன்று போரிஸ் கோதுனோவ் திடீரென இறந்தார். அவருடைய பதினாறு வயது மகன் இரண்டாம் ஃபியோதோருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து படைக்குச் சென்ற தளபதி பியோத்ர் பஸ்மானோவ், சில வாரங்களில் படையோடு எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார். அந்தச் சிறுவனும் அவன் தாயும் ஜூன் 10 அன்று மாஸ்கோவில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார்கள். விஷம் குடித்து இறந்ததாக மக்களிடம் சொன்னார்கள். இந்தக் கதையில் எந்தக் குற்றமும் செய்யாமல் இறந்தவன் அந்தப் பையன் என்பதால் அவனைக் குறிப்பிடாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

தாய் மரியா நகாயா பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1591-க்குப் பிறகு அவரை வலுக்கட்டாயமாக மார்ஃபா என்ற பெயரில் துறவியாக்கித் தொலைதூர மடத்தில் அடைத்தார்கள், சகோதரர்களை நாடுகடத்தினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1605 ஜூலையில், ஓர் இளைஞன் மாஸ்கோவுக்கு வெளியே தைனின்ஸ்கோயே கிராமத்தில் அவரை எதிர்கொண்டு, 'அம்மா' என்று அழைத்து, திரண்டிருந்த மக்கள் முன் கண்ணீர் விட்டு, அவருடைய வண்டியின் பக்கத்தில் நடந்தே வந்தான். அவர் மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஏற்றதால் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பெருமை முழுவதும் திரும்பிவந்தது. அடுத்த ஆண்டு அவன் கொல்லப்பட்டதும், அச்சுறுத்தலுக்குப் பணிந்தே அப்படிச் சொன்னதாக அவர் தெரிவித்தார். எந்தச் சொல்லை எந்த மனநிலையில் சொன்னார் என்று தீர்ப்பு எழுதும் இடத்தில் நான் என்னை வைத்துக்கொள்ள விரும்பவில்லை.


வடகாற்று எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஷூயிஸ்கியின் மூன்று சாட்சியங்களையும் நான் தனித்தனியே படித்திருந்தும், ஒரே மனிதர் என்ற கோணத்தில் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். அந்த இளைஞன் உண்மையில் யார்? அவன் கொலையுண்ட உடலை மாஸ்கோவே பார்த்த பிறகும், இரண்டாவதாக ஒரு திமித்ரி எழுந்து துஷினோ வரை வந்தது எப்படி?


நாணற்கரை எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுனோவின் அரசு அவனைக் கிரிகோரி ஓத்ரேப்பியெவ் என்று அடையாளம் காட்டியது: கலிச் பகுதியைச் சேர்ந்த சிறு நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை, ரொமானோவ் வீட்டில் ஊழியம் செய்தவன், அந்தக் குடும்பம் வீழ்ந்தபின் துறவியாகி, கிரெம்ளினுக்குள்ளேயே இருந்த சூதோவ் மடாலயத்தில் ஏடுகள் படியெடுத்தவன், 1602-இல் லித்துவேனியாவுக்குத் தப்பியவன். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் இதையே ஏற்கிறார்கள். சிலர் மறுக்கிறார்கள். தன்னைத் திமித்ரி என்று அவனே மனதார நம்பினான், சிறுவயது முதல் யாரோ அப்படிச் சொல்லி வளர்த்தார்கள் என்று கருதுவோரும் உண்டு. அவன் நடந்துகொண்ட விதத்தில் அச்சமே தெரியவில்லை என்பதால் எனக்கும் இந்தக் கருத்தின் மீது ஓர் ஈர்ப்பு உண்டு. பொய் சொல்கிறோம் என்று உள்ளூர அறிந்தவன், தன்னைப் போலி என்று தூற்றிய ஷூயிஸ்கியைக் கொலைமேடையிலிருந்து இறக்கிவிட்டிருப்பானா?

ஒரு திருத்தம். அவனைப் போலந்தின் கைப்பொம்மை என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இளவரசர் ஆதாம் விஷ்னியோவியெத்ஸ்கி அடைக்கலம் கொடுத்ததும், பிரபு யெஜி மினிஷெக் தன் மகள் மரீனாவை அவனுக்கு நிச்சயித்ததும், அவன் இரகசியமாகக் கத்தோலிக்கத்துக்கு மாறியதும் உண்மையே. ஆனால் அரியணை ஏறிய பிறகு போலந்து மன்னருக்கு நிலமும் தரவில்லை, ரஷ்யாவைக் கத்தோலிக்கமாக மாற்றும் முயற்சியிலும் இறங்கவில்லை. வாரத்தில் புதன், சனி ஆகிய இரு நாட்களில் மக்களின் முறையீட்டு மனுக்களைத் தானே பெற்றுக்கொண்டான். பஞ்ச காலத்தில் உணவளிக்க முடியாத உடைமையாளரிடமிருந்து பிழைப்புக்காக ஓடிய உழவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று 1606-இல் ஆணையிட்டான். ஓராண்டுகூட நிறையாத ஆட்சிக்கு இது குறைவான செயல் அன்று.


ஏட்டுக்கட்டு எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் முயல்கிறேன். விடை, முதல் திமித்ரி கொல்லப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

1606 மே 8 அன்று மரீனாவுடன் திருமணம். விருந்துக்கு வந்த போலந்துக்காரர்களின் நடத்தை நகரத்தைக் கொதிக்கவைத்தது. மே 17 அதிகாலையில் ஷூயிஸ்கியின் ஆட்கள் மணிகளை அடித்து, "போலந்துக்காரர்கள் ஜாரைக் கொல்ல வருகிறார்கள்" என்று கூவினார்கள். மக்கள் ஆயுதம் ஏந்திப் போலந்துக்காரர்கள் தங்கியிருந்த வீடுகளைத் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சதிகாரர்கள் அரண்மனைக்குள் புகுந்து ஜாரைக் கொன்றார்கள். அவனைக் காத்து நின்ற பஸ்மானோவும் உயிரிழந்தார். அதாவது, மாஸ்கோ மக்கள் அன்று காலை எழுந்தது அவனைக் காப்பாற்றுவதற்காக. அவர்களுடைய நம்பிக்கை அன்று வரை உடையவே இல்லை. உடலைச் செஞ்சதுக்கத்தில் கிடத்தியபோது முகம் சிதைந்திருந்தது. போதாக்குறைக்குக் கேளிக்கை முகமூடி ஒன்றையும் உடலோடு வைத்தார்கள். அவமதிக்க வைத்த அந்த முகமூடியே, 'இறந்தது வேறொருவன், முகத்தை மறைக்கத்தான் இது' என்ற பேச்சுக்கு வித்தாயிற்று. பிறகு உடலை எரித்துச் சாம்பலைப் பீரங்கியில் இட்டு, அவன் வந்த மேற்குத் திசை நோக்கிச் சுட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1607-இல் ஸ்தாரோதுப் நகரில் தோன்றிய இரண்டாமவன் முதலாமவனைப் போலத் தோற்றம் கொண்டவனும் அல்லன். ஆயினும் 1608-இல் மாஸ்கோவுக்கு அருகே துஷினோவில் முகாமிட்டு, ஏறத்தாழ இன்னொரு தலைநகரையே நடத்தினான். அங்கே அவனுக்கென்று பிரபுக்கள் இருந்தார்கள். ஃபிலாரெத்தும் அங்கே திருச்சபைத் தலைவராக வைக்கப்பட்டார். மரீனா அவனைத் தன் கணவன் என்று ஏற்றார். 1610 டிசம்பரில் கலூகாவில் அவன் தன் காவல் படையைச் சேர்ந்த ஒருவனால் கொல்லப்பட்டபின் மரீனாவுக்கு இவான் என்ற மகன் பிறந்தான். அதற்குள் ஷூயிஸ்கி 1610 ஜூலையில் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, போலந்துப் படை கிரெம்ளினுக்குள் நுழைந்துவிட்டது. நிஷ்னி நோவ்கோரோத் நகர இறைச்சி வணிகர் குஸ்மா மீனின் திரட்டிய பணத்தில், இளவரசர் திமித்ரி பொஷார்ஸ்கி நடத்திய படை 1612 அக்டோபரில் மாஸ்கோவை மீட்டது. 1613 பிப்ரவரி 21 அன்று நாட்டுப் பேரவை ஃபிலாரெத்தின் பதினாறு வயது மகன் மிகயீல் ரொமானோவைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு, மரீனாவின் மகனான இவானை, மூன்றே வயதுக் குழந்தையை, மாஸ்கோவில் தூக்கிலிட்டார்கள். இன்னொரு முறை எவனும் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு வரக் கூடாது என்ற அச்சமே காரணம். முந்நூறு ஆண்டு நீடித்த ஒரு அரசகுடி இப்படித்தான் தொடங்கியது. அதன் பெருமைகளை எழுதுவோர் பலர் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.


மணிக்கூண்டு எழுதியது:

உக்லிச்சின் மணியைப் பற்றி ஒரு சேர்க்கை, ஏனெனில் கேள்வி அந்த மணியோசையில்தான் தொடங்கியது. 1591-இல் மணியொலி கேட்டு ஓடிவந்த மக்கள், சிறுவனைக் கொன்றதாகத் தாய் குற்றஞ்சாட்டிய அரசு அதிகாரி மிகயீல் பித்யகோவ்ஸ்கியையும் அவர் மகனையும் வேறு சிலரையும் அடித்துக் கொன்றார்கள். அதற்குத் தண்டனையாகப் பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மக்களைக் கிளர்த்திய குற்றத்துக்காக மணியைக் கோபுரத்திலிருந்து கீழே தள்ளி, சாட்டையால் அடித்து, நாக்கை அகற்றி, தொபோல்ஸ்க் நகருக்கு நாடுகடத்தினார்கள் என்று மரபு கூறுகிறது. 1892-இல்தான் அது உக்லிச்சுக்குத் திரும்பியது. சிறுவன் இறந்த இடத்தில் எழுப்பப்பட்ட ஆலயத்தில் இன்றும் அதைக் காணலாம்.

அந்தச் சிறுவன் எப்படி இறந்தான் என்பதில் இன்று ஆய்வாளர்கள் பலர் விபத்து என்ற 1591-ஆம் ஆண்டு முடிவின் பக்கமே சாய்கிறார்கள். ஆனால் ஷூயிஸ்கியின் மூன்றாவது சாட்சியத்தை ரொமானோவ் ஆட்சியும் திருச்சபையும் அப்படியே தொடர்ந்ததால், கோதுனோவ் குழந்தையைக் கொன்றவர் என்ற பழி இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திமித்ரியின் பேழையோ மாஸ்கோவில், கிரெம்ளினின் அதிதூதர் பேராலயத்தில், அவன் தந்தை இவான் அடக்கம் செய்யப்பட்ட அதே கூரையின்கீழ் இருக்கிறது.